உபயம் ஒட்டிய கேபினெட்

தாராவியில் தென்பொதிகை மக்கள் நல மன்றத்துக் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இல்லை. எட்டு வருஷமாக ஒரு மூலையில் உட்கார்ந்து, கல்யாணப் பதிவு, ரேஷன் கார்டுக் கடிதம், கோயில் கொடை நோட்டீஸ் என்று கேட்டதையெல்லாம் முனகாமல் செய்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. கோளாறெல்லாம் அதன் கேபினெட்டில் சிவப்பு எனாமல் பெயிண்டில் எழுதியிருந்த பெயரில் இருந்தது. 'உபயம்: சுடலைக்கண்ணன்.'

இந்தச் சுடலைக்கண்ணன் போன வருஷம்வரை மன்றத்தின் தலைவர். ஆண்டு விழாப் போட்டோவில் யார் நடுவில் நிற்பது என்கிற மாபெரும் கொள்கைப் பிரச்சினையில் முறுக்கிக்கொண்டு வெளியேறி, பம்பாயின் இன்னொரு கோடியில் பாண்டுப்பில் போட்டி மன்றம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து செயலாளர் பிரம்மநாயகத்துக்கு அந்தப் பெயர் கண்ணில் பட்டாலே ரத்தக் கொதிப்பு. நாற்காலிகளில் சுரண்டினார்கள், சுவர்க் கடிகாரத்தில் சுரண்டினார்கள், தண்ணீர் ஃபில்டரில் சுரண்டினார்கள். டியூப் லைட்டில் மட்டும் சுரண்டத் தேவைப்படவில்லை. அதில் ஏற்கெனவே மூன்று பேருடைய உபயம் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருந்ததால், யார் பெயர் என்றும் தெரிவதில்லை, வெளிச்சமும் வருவதில்லை.

கம்ப்யூட்டரில்தான் மாட்டிக்கொண்டார்கள். தின்னர் ஊற்றித் தேய்த்ததில் 'உபயம்' போய்விட்டது, சுடலைக்கண்ணன் போகவில்லை. செயற்குழு அவசரமாகக் கூடியது. உள்ளே இருக்கும் சாமான்கள் அப்படியே இருக்கட்டும், வெளிப்பெட்டியை மட்டும் மாற்றிவிடலாம் என்று ஏகமனதாக முடிவானது. புதுப்பெட்டியின் உபயதாரர், தோல் பை கம்பெனி முதலாளி பேச்சிராஜா.

பெட்டியை மாற்றும் வேலை சாஜனிடம் வந்தது. முப்பத்தைந்து வயது, சீத்தா கேம்பில் குடியிருப்பு, கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில். கடை கிடையாது. பத்துக்குப் பத்து அறையில் கட்டிலுக்கு மேல் மதர்போர்டு, கட்டிலுக்குக் கீழ் மானிட்டர், நடுவில் மனைவி கிளாராவும் மூன்று வயது மகளும். "கால வச்சா ஸ்க்ரூ, சோத்துல கை வச்சா ஸ்க்ரூ. ஒரு நாள் பிள்ளை வயித்துல இருந்துதான் ஸ்க்ரூ எடுக்கப் போறீங்க, பாத்துக்கிட்டே இருங்க" என்று கிளாரா தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை என்பதுதான் சாஜனுக்கு வருத்தம்.

மன்றக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் சும்மா பூட்டிக் கிடந்த ஒரு இடம் இருந்தது. ஆறடிக்கு நாலடி. தொண்ணூறு அடி ரோட்டைப் பார்த்த கதவு, கதவுக்கு மேலே காற்று வர ஓட்டை ஓட்டையாகச் சிமெண்ட் ஜாலி வைத்த ஒரு ஜன்னல். பம்பாயில் ஒரு மனுஷனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அதன் சாவி பிரம்மநாயகத்தின் இடுப்பில் இருந்தது.

"இந்தச் சோலிய கச்சிதமா முடிச்சுக் குடு சாஜனு. ஞாயித்துக்கிழமை அர்ப்பணிப்பு விழா. அன்னைக்கே மேடையில வச்சுச் சாவிய ஒங்கையில தாரேன்" என்றார் பிரம்மநாயகம். முன்பு ஒரு கம்பெனியில் தலைமை குமாஸ்தாவாக இருந்தவர். ரிட்டயரான பிறகும் எல்லாரையும் பியூனாகவே பார்ப்பவர்.

சாஜன் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் அரை நாள் அலைந்து, நல்ல கேபினெட்டாகத் தேர்ந்தெடுத்தான். முன்பக்கம் முழுக்கச் சல்லடை வலை, உச்சியிலும் வலை, பின்னால் வட்டமாக ஒரு ஃபேன், ஒரு பக்கம் கண்ணாடி.

"காத்து ஜம்முனு போவும் அண்ணாச்சி. சூடே ஏறாது" என்று பெருமையாகக் காட்டினான்.

பிரம்மநாயகம் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "காத்து கெடக்கட்டும்டே. எழுத எடம் இருக்கா?"

திங்கட்கிழமை மன்ற அலுவலகத்திலேயே உட்கார்ந்து பழைய பெட்டியைப் பிரித்தான். மன்றத்தில் டைப் அடிக்கிற கலைச்செல்வி பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் நின்றால் அவள் வேலையும் நிற்கும் என்பதால் அவளுக்கு இதில் அக்கறை உண்டு. எட்டு வருஷத் தூசியை பிரஷ்ஷால் தட்டி, மதர்போர்டை எடுத்துப் புதுப்பெட்டியில் பித்தளைக் குமிழ்கள்மேல் உட்கார வைத்து முடுக்கினான். ப்ராசசருக்குச் சூடு தணிக்கும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினான். வயர்களைச் சொருகி பட்டனை அழுத்தினால், பெட்டி வாயே திறக்கவில்லை.

பட்டன் வயரை ஒரு முள் தள்ளிச் சொருகியிருந்தான். மாற்றிச் சொருகியதும் ஃபேன் சுற்றியது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி, கலைச்செல்வியின் பென்சில் ரப்பரை வாங்கி, அதன் தங்கப் பற்களைத் தேய் தேய் என்று தேய்த்து மறுபடி சொருகினான். திரையில் வெளிச்சம் வந்தது. மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தான். குளுகுளுவென்று ஓடியது. சாஜனுக்கு மாடிப்படிக்கடியில் உட்கார்ந்து டீ குடிப்பதுபோலவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாட்டுங்காவிலிருந்து ஸ்டிக்கர் வந்தது.

பேச்சிராஜா பெரிய மனசுக்காரர் என்பதால் பிரம்மநாயகம் ஸ்டிக்கரையும் பெரிதாகவே அடிக்கச் சொல்லியிருந்தார். முன்பக்கம் முழுவதும் கும்பிட்ட கையோடு பேச்சிராஜாவின் முகம். அதற்குக் கீழே உபயம், அதற்குக் கீழே அவருடைய அப்பா அம்மா நினைவாக, மனைவி, மகன்கள், மருமகள்கள், இன்னும் பெயர் வைக்காத பேரன். உச்சியில் செயற்குழு உறுப்பினர்கள் பதினோரு பேர். பின்னால் ஃபேனுக்கு நேராக வட்டமான இடம் ஒன்று சும்மா இருந்தது. மன்றத்தின் வட்டச் சின்னம் அதில் அளவெடுத்தமாதிரி பொருந்தியதைப் பார்த்து பிரம்மநாயகம் கைதட்டியே விட்டார்.

புதன்கிழமை காலை கலைச்செல்வி போன் செய்தாள். "அண்ணே, மிஷினு நின்னு பந்த் ஆயிட்டு. ஸ்விட்சப் போட்டுச் சாலு பண்ணேன், மறுபடியும் பந்த்."

சாஜன் பஸ் பிடித்து ஓடி வந்தான். ஸ்விட்சைப் போட்டான், ஓடியது. பன்னிரண்டு நிமிஷம் ஓடியது, பொத்தென்று நின்றது. பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. கழற்றி வைத்தபடியே ஸ்விட்சைப் போட்டால் ஒரு மணி நேரம் நல்ல பிள்ளையாக ஓடியது. நிம்மதியாகக் கண்ணாடியை மாட்டிவிட்டுச் செருப்பைப் போட்டான். படி இறங்குவதற்குள் கலைச்செல்வியின் குரல் கேட்டது. "அண்ணே, போச்சு!"

வியாழக்கிழமை முழுக்க இதே கூத்து. கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தான். ராமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். பெட்டி பூஜை போட்ட பெட்டி, வெளியே கொண்டுபோகக் கூடாது என்று பிரம்மநாயகம் சொல்லிவிட்டதால், உள் சாமான்களை மட்டும் பையில் போட்டு சீத்தா கேம்புக்குக் கொண்டுபோய், கட்டிலில் பழைய அட்டைப்பெட்டிமேல் பரப்பி ஓட்டிப் பார்த்தான். சாயங்காலம் முழுக்க ஓடியது. கிளாரா இடுப்பில் பிள்ளையோடு நின்று பார்த்தாள்.

"இது நல்லாத்தான ஓடுது?"

"இங்க ஓடும். அங்க ஓடாது."

"அப்போ சாவி?"

சாஜன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை சாமான்களைத் திரும்பப் பெட்டியில் பூட்டினான். பன்னிரண்டு நிமிஷம், பொத். இதற்குள் விஷயம் ஏரியா முழுக்கப் பரவி, ஆளுக்கொரு நோயைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். துணைத் தலைவர் வேதமுத்து, பெட்டியின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். கை சுட்டதும் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். பார்வதியம்மாள் எலுமிச்சையும் மிளகாயும் கொண்டுவந்து கட்டினாள். சுடலைக்கண்ணன் பாண்டுப்பில் இருந்துகொண்டே ஏதோ செய்துவிட்டான் என்பது பிரம்மநாயகத்தின் முடிவு. சாஜன்தான் எதையோ உடைத்துவிட்டான் என்பது மற்ற எல்லாருடைய முடிவும். "நல்லா ஓடிட்டிருந்த மிஷின காலி-பீலி, தேவையில்லாம கெடுத்துட்டான்" என்று அவன் காதுபடவே சொன்னார்கள்.

அந்தப் பெட்டியின் முன்னால் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த ஸ்டிக்கர் கண்ணில் படவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். பட்டது. நாலாயிரம் தடவை பட்டது. ஆனால் அவன் பிறந்து வளர்ந்த இடத்தில் பெயர் எழுதாத பொருளை அவன் பார்த்ததே இல்லை. சர்ச் பெஞ்சில் பெயர், பஸ் ஸ்டாப் பெஞ்சில் பெயர், சவப்பெட்டி வண்டியில்கூடப் பெயர். பெயர் என்பது பொருளுக்குத் தோல் மாதிரி. தோலைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

சந்தேகப்பட்டது கலைச்செல்விதான். பெட்டி நின்றதும் அதன் தலையில் கையை வைத்துப் பார்த்தாள். "இட்லிக் கொப்பரை மாதிரி கொதிக்கி. அண்ணே, இட்லி வேகணும்னா மூடி போடுவோம். இதுக்கு எதுக்கு மூடி போட்டிருக்கோம்?"

"மூடியா? எந்த மூடி?"

அவள் ஸ்டிக்கரில் இருந்த பேச்சிராஜாவின் நெற்றியில் விரலை வைத்துத் தட்டினாள். ஸ்டிக்கர் வலைக்குள் லேசாக அமுங்கி எழுந்தது. உள்ளே ஃபேன் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. இழுக்கக் காற்றுதான் இல்லை. முன்னால் முதலாளி, மேலே செயற்குழு, பின்னால் மன்றத்துச் சின்னம். சாஜன் தலையில் அடித்துக்கொண்டான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சாவி கிடைத்துவிட்டது என்றே நினைத்தான். பிரம்மநாயகத்தின் மேஜைக்கு ஓடினான்.

"அண்ணாச்சி, கண்டுபிடிச்சாச்சு. அந்த ஸ்டிக்கர்..."

"ஸ்டிக்கருக்கு என்ன?" பிரம்மநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"காத்து போற வழிய மூடிட்டு. அத உரிச்சு, பக்கத்துக் கண்ணாடியில சின்னதா ஒட்டினா..."

"யாரச் சின்னதா ஒட்டச் சொல்லுத?"

"இல்லேன்னா வலைக்கு நேரா நாலு ஓட்ட..."

"முதலாளி மூஞ்சில ஓட்ட போடணும்னா சொல்லுத!" அவர் எழுந்தே விட்டார். "ஏலே, பேரு வைக்கதுக்காக வாங்குன பெட்டிடே அது. பேர எடுத்துட்டா பெட்டி எதுக்கு? பேரால ஒரு மிஷினு கெடும்னு நீ எந்தக் காலேஜ்ல படிச்ச? மான்குர்த்ல ஒருத்தன் இருக்கான், அவன் எந்தப் பெட்டியும் ஓட்டுவானாம். மாடிப்படி எடத்தையும் அவன் கேட்டுட்டுத்தான் இருக்கான்." பேசிக்கொண்டே இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

சாஜன் அந்தக் கையையே பார்த்தான். "பேரால ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றான். "வோல்டேஜ் ஏறி எறங்குது. நான் சரி பண்ணிருதேன்."

சனிக்கிழமை, அலுவலகத்தில் யாரும் இல்லாத மத்தியான நேரத்தில் சரிபண்ணினான். பெட்டியின் சுவர்ப் பக்கத் தகட்டைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். பின்பக்கச் சின்னத்தை உரித்துக் கசக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். திறந்த பக்கமும் பின்பக்கமும் சுவர் மூலையில் மறையும்படி பெட்டியை நகர்த்தி வைத்தான். முன்னால் இருந்து பார்த்தால் முதலாளி முழுசாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பின்னால் பெட்டி களவாக மூச்சு விட்டுக்கொண்டது. பன்னிரண்டு நிமிஷம் போயும் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் போயும் நிற்கவில்லை. கலைச்செல்வி வந்து பார்த்தாள், சுவரோரம் எட்டிப் பார்த்துவிட்டு டைப் அடிக்க உட்கார்ந்தாள்.

ஞாயிறு விழா ஜோராக நடந்தது. நாதஸ்வரம் வைக்கவில்லை, கம்ப்யூட்டரிலேயே நாதஸ்வரம் போட்டார்கள். பேச்சிராஜா ரிப்பனை வெட்டிவிட்டு, திரையில் ஓடிய தன் குடும்பப் போட்டோக்களை அரை மணி நேரம் கூச்சத்தோடு பார்த்தார். தோல் தொழிலில் தானே உழைத்து முன்னுக்கு வந்த மனுஷன். மிஷின் என்றால் என்ன, சூடு என்றால் என்ன என்று தெரிந்தவர். மைக்கை வாங்கியதும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மிஷினு நடுவுல நின்னு போச்சுன்னு கேள்விப்பட்டேன். இந்தக் கலைச்செல்வி பிள்ளைகிட்ட விசாரிச்சேன். ஸ்டிக்கர் மூடிக்கிட்டதாலதான்னு சொல்லிச்சு. ஏம்பா மெக்கானிக் தம்பி, அப்படியா? அப்படின்னா உரிச்சு எறிஞ்சிருங்கப்பா. எம்மூஞ்சியப் பாக்கவா மன்றத்துக்கு வாறாவ?"

கூட்டம் சிரித்தது. பிரம்மநாயகம் சிரிக்கவில்லை. அவர் கை இடுப்புக்குப் போயிருந்தது. முன்வரிசையில் கிளாரா மகளை மடியில் வைத்துக்கொண்டு, சாவி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கலைச்செல்வி, சாஜன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் இனி ஒருநாளும் கிடைக்காது என்று சாஜனுக்கும் தெரிந்தது. வாய் மட்டும் கேட்கவில்லை.

"அதெல்லாம் சும்மா முதலாளி" என்றான் மைக்கில். "பேரால ஒரு பொருளுக்கு என்ன கெடுதல் வந்துரும்? பேருக்கும் காத்துக்கும் சம்பந்தமே இல்ல. எவ்வளவு பெரிசா வேணும்னாலும் ஒட்டலாம்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பிரம்மநாயகம் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். சாவி கைமாறியது. பேச்சிராஜா மட்டும் 'அப்படியா' என்கிறமாதிரி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். கலைச்செல்வியை எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து வெளியே போய்விட்டாள். சாஜனுக்கு அவமானமாக இருந்தது. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டதும் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரமே மாடிப்படிக்கடியில் கடை போட்டான். பலகை அடித்தான், விளக்கு மாட்டினான், கிளாரா கட்டிலுக்குக் கீழிருந்த மானிட்டர்களையெல்லாம் தானே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். அன்று இரவு முதன்முறையாக சீத்தா கேம்ப் அறையில் மூன்று பேரும் கால் நீட்டிப் படுத்தார்கள்.

நாலாம் நாள் காலை கடைக்கு வந்தபோது ஏணி போட்டு ஒருவன் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கீழே பிரம்மநாயகம் இடுப்பில் கை வைத்து மேற்பார்வை. கதவுக்கு மேலே, ஆறடி நீளத்தில், தகரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸ் போர்டு. 'பேச்சிராஜா உபயம் – இளைஞர் சுயதொழில் நிலையம்.' கும்பிட்ட கை, அப்பா, அம்மா, மனைவி, மகன்கள், மருமகள்கள். பேரனுக்கும் இப்போது பெயர் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. போர்டுக்குப் பின்னால் ஜாலி ஜன்னல் இருந்த இடமே தெரியவில்லை.

"அண்ணாச்சி... ஜன்னலு..." என்றான் சாஜன். "ரோட்டுத் தூசிக்கும் ஹாரன் சத்தத்துக்கும் கதவச் சாத்திட்டுத்தான் வேல பாக்கணும். உள்ள வேற வழியே இல்ல. போர்டக் கொஞ்சம் மேல தூக்கி..."

பிரம்மநாயகம் அன்போடு அவன் தோளில் கை போட்டார். "முதலாளியும் அதத்தான் கேட்டாரு. தம்பிக்குப் புழுங்குமேன்னு. நான்தான் சொன்னேன், பேருக்கும் காத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு தம்பியே மைக்குல சொல்லிருக்கான், அவன் படிச்சவன்னு." தோளைத் தட்டிவிட்டு மேலே ஏறிப் போனார்.

சாஜன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மதர்போர்டை எடுத்து வைத்தான். சால்டரிங் கம்பி சூடானது. புகை எழுந்தது, போக வழியில்லாமல் அவன் முகத்துக்கே திரும்பி வந்தது. சட்டை முதுகில் ஒட்டியது. கண் எரிந்தது. கொஞ்ச நேரம் சமாளித்துப் பார்த்தான், பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். செல்லில் மணி பார்த்தான். பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

மேலேயிருந்து கலைச்செல்வி டீ வாங்க இறங்கி வந்தாள். விழாவுக்குப் பிறகு அவனோடு பேசாதவள், அன்று நின்றாள். போர்டைப் பார்த்தாள், வியர்த்து நனைந்திருந்தவனைப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டி மாதிரி இங்கயும் சுவர்ப் பக்கத்தக் கழத்தி வச்சிரலாம்லா அண்ணே?" என்றாள்.

அவன் திரும்பிக் கடைக்குள் பார்த்தான். பின்பக்கம் கட்டடத்தைத் தாங்கும் ஒன்பது அங்குலச் சுவர்.

"கலை, அன்னைக்கி நான்..." என்று ஆரம்பித்தான். அதற்குள் மாடி ஜன்னலில் பிரம்மநாயகத்தின் தலை தெரிந்தது.

"என்னடே சாஜனு, வெளிய உக்காந்திருக்க? எடம் எப்படி இருக்கு?"

கலைச்செல்வி போகாமல் அங்கேயே நின்றாள். சாஜன் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்தான். "நல்லாருக்கு அண்ணாச்சி" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.